பத்து ஓம்

முதலாவது என் கையால் செத்தது.
கிளிப் வழுக்கி வெளிவாய் பூமியில் பட்டது.
ஓட்டத்துக்கு எல்லை வைக்கும் தடை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு வெறும் கம்பித் துண்டு,
பிறகு போடலாம் என்று விட்டது.
கடுகு வெடிக்கிற சத்தம்கூட இல்லை.

இரண்டாவது பாடிச் செத்தது.
காதுக்கு எட்டாத பாட்டு, செக்கனுக்கு எட்டு இலட்சம் தரம்.
திரையில் கோடு கொஞ்சம் தடித்துத் தெரிந்தது.
குவியம் சரியில்லையென்று
நாங்கள் குமிழைத் திருகிக்கொண்டிருந்தோம்.
"மட்டக்களப்பாள் தொட்டா எல்லாம் பாடும்போல கா"
என்றான் றிஸ்மின்.
சிரித்து முடிக்கும் முன்னம் மணம் வந்துவிட்டது.

மூன்றாவதைக் கொன்றது ஒலுவில் கரண்ட்.
மழையில்லாத ஒரு பின்னேரம் விளக்குப் போனது.
நேர்ப்பக்கம் முதலில் சரிந்தது,
மறைப்பக்கம் விழ மனமில்லாமல் நின்றது,
தட்டில் தேங்கிக்கிடந்த ஏற்றம்
வந்த வழியாலேயே கிறுகி உள்ளே போனது.
வாசலில் இருவாயி வைத்திருக்கலாம்.
ஒன்று முப்பது ரூபாய்.

நாலாவது இன்று வந்தது.
சுங்கத்தில் ஏழு கிழமை கிடந்த பெட்டி,
கறுப்பு நுரையில் குத்தியபடி பன்னிரண்டு கால்.
பீடாதிபதி விலையை இரண்டு தரம் வாசித்தார்,
கையொப்பத்தை ஒரே தரம், மெதுவாக.

எல்லாம் ஆதம்பாவாவின் படகுக்காக.
கண்ணாடிநார்த் தோலுக்குள்
எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது.
விரலால் தட்டினால் படகு பொய் சொல்லும்.
குற்றிக்காசளவு பீங்கான் தட்டொன்றை
முந்நூறு வோல்ற்றால் உலுப்பிக் கேட்டால்
உண்மை எதிரொலியாய் வரும்.
வரவேண்டும்.
வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்த கையோடு
அவர் கோல் எடுப்பார்:
"எப்ப முடியும் தங்கச்சி?"

தரவுத்தாளின் ஆறாம் பக்கத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
சரிந்து இறங்கும் ஒரு கோடு.
வோல்ற்றுக் கேட்கலாம், ஓட்டமும் கேட்கலாம்.
இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டவை
அந்தக் கோட்டுக்கு வெளியே கிடக்கின்றன,
மேசை லாச்சியில், மூன்று.

வெப்பத்தட்டைத் தொடாதே என்று
பெருவிரல் அளவு எழுத்தில் எழுதி வைத்தேன்.
சும்மா அலுமினியம்போலத்தான் இருக்கும்.
மைக்காத் தாள் ஒருநாள் கிழிந்தால்
அதன் முதுகு மறை நூற்றைம்பதில் இருக்கும்.

இப்போது வெளிவாய்க்கும் தட்டுக்கும் நடுவில்
பத்து ஓம்.
யார் வைத்த பெயரோ,
மறிப்பதை அளக்க
எங்கள் வாயில் சம்மதத்தின் சொல்.

ஈடுசெய் கொள்ளளவியையும் பெரிதாக்கினேன்.
றிஸ்மினின் முகம் சுருங்கிற்று.
"வேகம் குறையுமே."
குறையட்டும்.
படகு எங்கேயும் ஓடப்போவதில்லை,
மண் மூடிய துறைமுகத்துக்குப் பக்கத்தில்
கவிழ்ந்துதான் கிடக்கிறது.

முப்பதில் தொடங்கினோம்.
என் இடது கை பொக்கற்றுக்குள்.
அறுபது. தொண்ணூறு.
விசிறியின் காற்று தாளொன்றைத் தள்ளிவிட்டது,
இருவரும் எடுக்கக் குனியவில்லை.
நூற்றைம்பது.
சதுர அலையின் மூலையில் ஒரு துள்ளல்,
ஒன்றே ஒன்று,
மறுகா கோடு நீட்டி நிமிர்ந்து படுத்தது.
மெல்லிசாக. மயிரளவு.
அதைப் பார்த்துக்கொண்டு
எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது.

சுவிட்சை அணைத்தபின் ஐந்து நிமிடம்
எதையும் தொடக்கூடாது.
அது நான் போட்ட சட்டம்.
மீற்றரில் நூற்றைம்பது
ஐம்பத்தைந்தாக இறங்குகிறது.
ஆளில்லாத வீட்டில் ஒருவர் இருக்கிறமாதிரி
பெட்டிக்குள் அது இன்னும் இருக்கிறது.
வெளியே கல்முனை பஸ் கோர்ன் அடிக்கிறது.
அதை விட்டால்
கல்லாற்றுக்கு நான் எட்டு மணிக்குத்தான்.

இருபது.

"போதும்தானே, வயரைக் கழட்டட்டா?"
றிஸ்மினின் கை மேசை விளிம்புவரை வந்துவிட்டது.

ஏழு.

நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.