பூஜ்யத்துக்குக் கீழே

ராத்திரி ஷிஃப்ட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.
மொன்டானா, ப்யூட் நகரம், ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பள்ளிக்கூடம் இரவல் தந்த மடிக்கணினியில்
ஒரு விசை உதிர்ந்துபோன குழியை
நகத்தால் அழுத்தி அழுத்தி எழுதுகிறாள் நெவெனா.

கல்லூரிக்கு அரசாங்கம் பணம் தருமாம்.
அதற்கு முன்னால் நாங்கள் யாரென்று
சொல்ல வேண்டுமாம்.

வீட்டில் எத்தனை பேர் என்றது.
மூன்று.
நாயையும் சேர் என்று அழுதான் ராடோ.
திருமண நிலை என்றது.
கொடுத்திருந்த பதில்களில் ஒன்றுகூட
"ஸ்போகேனில் இருக்கிறான்,
கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் செய்வான்"
என்று இல்லை.
பிரிந்து வாழ்பவர்.
அழுத்தினாள்.

வருமானத்தை என்னிடம் கேட்கவில்லை.
வரித்துறையிடமே கேட்டுக்கொள்கிறேன்,
சம்மதம் மட்டும் கொடு என்றது.
கொடுத்தேன்.
மோட்டலில் விரிப்பு துவைத்த ஒரு வருஷம்
ஏதோ கம்பி வழியே ஓடிப் போய்
தன்னைக் காட்டிவிட்டு வந்தது.
அதுவரைக்கும் சுலபம்தான்.

தாய் முடித்த படிப்பு?

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
உயர்நிலைப் பள்ளி என்ற வரிக்கு
அம்புக்குறியைக் கொண்டுபோய்விட்டாள்.
அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.
நீலத் தொப்பி.
ஜூன் மாதத்தில் பெய்த பனி.
நனைந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்ட குஞ்சம்.
தூங்காத இரவுகளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்,
ஒவ்வொரு முறையும்
குஞ்சம் கொஞ்சம் நீளமாகும்.

அடியில் பொடி எழுத்து:
தெரிந்து பொய் சொன்னால்
அபராதம், சிறை.
அதற்குப் பயந்துதான் சொன்னேன் என்றால்
அது பாதி உண்மை.

"அது இல்லை, நெவா.
அதற்கு மேல் வரி."

மேல் வரியைப் படித்தாள்.
மறுபடி படித்தாள்.
குளிர்பெட்டி முனகி நின்றது.
ராடோ நாயின் காதை மடித்து மடித்து விட்டான்.

"எத்தனை நாள் பாக்கி?"
"இரண்டு மாதம்."

ஏன் நிறுத்தினாய் என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
இருந்திருந்தால் நிரப்பியிருப்பேன்,
அன்றைக்கு ஏதாவது ஒன்றைத் தாராளமாகச் சொல்லும்
மனநிலையில் இருந்தேன்.
அவள் கேட்டது வேறு.

"அப்போ ஜூனில் பனி பெய்தது?
அதுவும் பொய்யா?"

"பெய்தது.
மோட்டல் இரண்டாம் மாடியில்
தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன்.
எல்லாரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு
தெருவில் ஓடினார்கள்.
நீலம்தான்.
நன்றாகத் தெரிந்தது."

அழுத்தினாள்.
அடுத்த பக்கம் திறந்தது.
கையெழுத்து போடும் இடத்தில்
என் பெயரை நானே தட்டச்சு செய்தேன்,
உதிர்ந்த விசையின் குழிக்கு
அவள் விரலைக் கடன் வாங்கி.

பன்னிரண்டு நாள் கழித்து எண் வந்தது.
மைனஸ் ஆயிரத்து ஐந்நூறு.
நீங்கள் எவ்வளவு கொடுக்க முடியும் என்று
கணக்குப் போட்டார்களாம்.
பூஜ்யம்தான் தரை என்று
இத்தனை வயது வரை நம்பியிருந்தேன்.
தரையைப் பெயர்த்து
நிலவறை ஒன்று தோண்டி வைத்திருக்கிறார்கள்.

பள்ளி ஆலோசகர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.
"இதற்குக் கீழே எண்ணே கிடையாது, திருமதி வுக்காசின்.
முழுத் தொகையும் கிடைக்கும்."
ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவளைப் போல
நன்றி சொன்னேன்.
வண்டி நிறுத்துமிடத்தில்
நெவெனாவுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும்,
மூச்சுப் புகையில்
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

மலைமேல் பழைய சுரங்கத்தின் இரும்புக் கோபுரம்
விளக்கு போட்டு நின்றது.
ஆயிரத்து ஐந்நூறு அடி எல்லாம்
இந்த ஊருக்குப் பெரிய ஆழமில்லை,
அதற்கும் கீழே ஆட்கள் இறங்கி
மதியச் சோறு தின்றிருக்கிறார்கள்.
கூண்டை மேலே இழுக்கச் சொல்லி
அடியிலிருந்து மணி அடிப்பார்கள்.

எத்தனை முறை என்று கேட்டாள்.
மறந்துவிட்டது என்றேன், உண்மையாகவே.
தேடிச் சொல்கிறேன் என்றாள்.