பொருள் நான்கு

காலை ஃபெரியில் உதடசைத்து ஒத்திகை பார்த்தேன்.
எதிரில் நின்ற பையன் பிரார்த்தனை என்று நினைத்திருப்பான்.
பெரிய தப்பில்லை.
பையில் நாடகக் குழுவின் கணக்குப் புத்தகம்,
கடைவீட்டுக்காரர் கடிதம், நகல் ஒன்பது:
ஏப்ரல் முதல் வாடகை இரட்டிப்பு,
முடியாதென்றால் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

லெபோ ஆச்சேயில் மூடிப்போன ஓர் அச்சகத்தின் மாடி.
உயரம் ஒவ்வாத நான்கு மேசைகளை ஒட்டிப்போட்டு
ஒரே மேசை என்று பெயர்.
மூட்டில் வைத்தால் கோப்பிக் குவளை சாய்ந்துதான் நிற்கும்.
ஒன்பது குழுக்கள், நான்கு நாடு,
பாதிப்பேருக்குச் சொந்தமில்லாத ஆங்கிலம்.
கோபம் வந்தால் மட்டும் அவரவர் மொழி.

கூட்டணி என்று சொன்னால்
எந்தத் தேர்தலுக்கு என்று கேட்கிறார்கள் பட்டர்வொர்த்தில்.
இதில் வெல்ல ஒன்றுமில்லை ஐயா.
பதினொரு விளக்கு, ஒரு மடக்கு மேடை,
எது யாரிடம் என்று எழுதிவைக்க ஓர் இரவல் ஏடு,
வங்கியில் பன்னிரண்டாயிரத்து நானூறு வெள்ளி.

விளக்கில் நான்கு சுராபாயாவில்.
மேடை ஈப்போவில், ஒரு கால் உடைந்து.
புகை இயந்திரம் எங்கே என்று
தலைவர் கூ செங் ஆய்க் மூன்று முறை கேட்டார்.
எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம்.

நிரலில் நான்காவது பொருள்: அவசர நிதி.
தமிழில் எவ்வளவு வசதி.
பேச எடுத்ததும் பொருள், அதன் அர்த்தமும் பொருள்,
கையில் இல்லாததும் பொருள்தான்.

விண்ணப்பம் இரண்டு. ஒன்று நாங்கள்,
மற்றது மேடான் முரசுக் குழு.
தியுர்மா எழுந்தாள். தாள் எதுவும் கொண்டுவரவில்லை.
ஆறு அறைக்குள் வந்தது, இரண்டு நாள் தங்கியது என்றாள்.
கைப்பேசியை மேசை மூட்டின்மேல் வைத்து
ஒரு சத்தத்தை ஓடவிட்டாள்.
ஈரச் சாக்கை யாரோ சுவரில் அறைவதுபோல் இருந்தது.
"எங்கள் பெரிய முரசு," என்றாள்.
பிறகு ஐந்தடியில் போய் சிகரெட் பற்றவைத்தாள்.
தனக்குத் தானே கை தூக்கக் கூச்சமாம்.

விண்ணப்பித்தவருக்கும் வாக்கு உண்டு.
அந்த விதியை எழுதியவள் நான்,
போன வருடம், இப்படி ஒரு நாளை மனதில் வைத்து.

மேடானுக்கு நான்கு கை. எங்களுக்கு மூன்று.
என் கை எங்களுக்கென்றால் சமம்,
சமமென்றால் தலைவர் முடிவு,
தலைவருக்கு எங்கள் நாடகம் பிடிக்கும்.

தர்மமெல்லாம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்:
அந்தச் சத்தத்துக்குப் பிறகு
என் தாளை வாசிக்கக் குரல் வரவில்லை.
நகல்களைச் சுற்றுக்கு விட்டு உட்கார்ந்துவிட்டேன்.
இரட்டிப்பு, ஏப்ரல், சாவி,
எல்லாம் யாரோ எழுதிக்கொடுத்த வசனம் மாதிரி
சரியாக மனப்பாடமாகியிருந்தது.
கையைப் பார்த்தேன். மேடானுக்குத் தூக்கியிருந்தது.
எங்கள் பக்கம் இருந்த மூவரும்
கொஞ்சம் திட்டும் பார்வையோடு
தங்கள் கையை மாற்றிக்கொண்டார்கள்.

திரும்பும் ஃபெரியில் செவ்வந்தி அழைத்தாள்.
எவ்வளவு?
ஜூன் வரைக்கும் நான்கு விளக்கு, என்றேன்.
எந்தக் கூரையில் மாட்டுவது, என்றாள்.
இயந்திர இரைச்சலில் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கூட்டக் குறிப்பு மாலையே வந்துவிட்டது.
பொருள் நான்கு: ஏகமனதாக ஏற்கப்பட்டது.
ஏகமனதா?
என் ஒருத்தியிடமே இரண்டு மனது இருந்தது.
இன்னும் இருக்கிறது.

இன்னொன்று.
புகை இயந்திரம் எங்கள் மாடிப்படிக்கு அடியில்,
தார்ப்பாய் மூடி, ஒன்றரை வருடமாக.
ஏப்ரலில் காலி செய்யும்போது
முதலில் அதைத்தான் தூக்கவேண்டும்,
ஆள் நடமாட்டம் வருவதற்குள்.