பதின்மூன்றாவது கிழமை

டாண்டினாங் நிலையத்துக்குப் பின்னால்
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஆறு கிழமை ஒப்பந்தம் எனக்கு.
நாற்பது பெயர், நாற்பது எண், பதினொரு கேள்வி.
வீடில்லாதவர்க்கு வீடு தேடித்தரும் சேவை
நல்லதா என்று
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லவேண்டும்.

அருந்தவமலர் கேள்வியை முடிக்க விடவில்லை.
"அஞ்சு. அதுக்கும் அஞ்சு. எல்லாத்துக்கும் போடும்."
ஏன் என்றேன்.
"குறைச்சுப் போட்டா
பிரெண்டாவின்ர வேலை போயிடும் எல்லே?"
ஆடி மாதக் குளிர்.
உள்ளங்கி கழற்றாமலே தேத்தண்ணி ஊற்றினார்.
பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது,
வீட்டுக்குள்ளே.
ஹீட்டர் பற்றிப் பதினொன்றில் ஒன்றுமில்லை.

கஜவதனன் ஒன்று போட்டான்.
விசாரித்தால், கோபம் குடிவரவுத் திணைக்களத்தோடு.
அது வேறு கந்தோர் என்றேன்.
"உங்களுக்கு வேறை" என்றான்.
அழிக்கவா விடவா என்று
பேனையைக் கையில் வைத்துக்கொண்டு
பேருந்தில் இரண்டு தரிப்புத் தாண்டிப் போய்விட்டேன்.

இருபத்தேழாவது கோப்பில் பச்சைப் புள்ளி.
'இலக்கு எட்டப்பட்டது.'
மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.
நாலாம் நாள் இரவு அவனே எடுத்தான்,
ஷெப்பார்டனிலிருந்து.
பகலில் பியர் மரங்களுக்குக் கவ்வாத்து.
இரவில் டொயோட்டாவின் பின்சீற்று.

வீடு கிடைத்ததல்லவா?
"கிடைச்சதக்கா. நல்ல வீடு.
பன்ரெண்டு கிழமை இருந்தன்.
பதின்மூண்டாவதில வாடகைக் காசு நிண்டுபோச்சு."

சேவை எண்ணுவது பன்னிரண்டு வரை.
அதற்கு மேல் கட்டம் இல்லை.
யாரும் பொய் எழுதவில்லை.

எது உதவியாக இருந்தது என்ற கேள்வி
கடைசியில்தான் வரும்.
அவன் யோசித்தான். கண்ணாடியில் மழை அடித்தது,
எனக்கும் கேட்டது.
"முன்மேசையில ஒரு பிள்ளை இருப்பா.
ஒவ்வொரு நாளும் தன்ர சார்ஜரைத் தருவா.
ஏன் வாறாய் எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை.
அதுக்கு எத்தினை போடலாம்?"

அதற்கு வரிசை இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.
கணினி ஓரங்களை ஏற்பதில்லை.

கூட்டத்தில் சராசரி நாலு தசம் ஆறு.
எல்லாரும் மெதுவாகக் கைதட்டினார்கள்,
பிரெண்டாவைத் தவிர.
அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்;
அவளுக்கு எல்லாப் பெயரும் தெரியும்.
நான் பதின்மூன்றாவது கிழமை என்று தொடங்கினேன்.
அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார் பணிப்பாளர்.
கெட்டவர் அல்ல. களைத்த மனிதர்.
அவருக்கும் மேலே யாரோ
அவரை ஐந்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள்.

நான் கொடுத்த பரிந்துரை ஆறு.
ஒன்று உடனே நிறைவேறியது:
முன்மேசைக்குப் புதிய சார்ஜர்,
பதினெட்டு டொலர்.
பழையதன் கழுத்தில் மூன்று நிறத்தில் ரேப் சுற்றியிருந்தது.
அதை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கவில்லை.
எடுத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் முடிந்தால் எண்களை அழிக்கவேண்டும்.
முப்பத்தொன்பதை அழித்தபோது
ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது.

"அக்கா, சோதினை முடிஞ்சுதோ?
அவை பாசோ?"