வடமேற்கு மூலை

ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறாம் ஆண்டு வரைபடத்தில்
வடமேற்கு மூலைக்கு நேரே
எவனோ ஒரு நில அளவையாளன்
மைப்பேனாவால் எழுதியிருக்கிறான்:
கல்லறை. பெயர் இல்லை.

அதைத் தேடித்தான்
வெள்ளாங்குளத்துக்கு இங்கால் செம்மண் பாதையில் இறங்கி
யானைவேலிக் கம்பிக்கு இரண்டு தரம் குனிந்து
இலுப்பைமோட்டைக்கு வந்தேன்,
முக்காலியும் அளவுகோலும் தோளில்.

கோயில் திறப்பு மெற்றில்டாவிடம்.
கச்சான் பிடுங்கிய மண் கையோடு வந்தாள்.
"போர்த்துக்கேயர் கட்டினது எண்டு சுவாமி சொல்லுவார்.
ஒல்லாந்தர் குதிரை கட்டின இடம் எண்டு மூப்பர்.
எனக்குத் தெரிஞ்சது,
தகரம் போட்டது ரெண்டாயிரத்துப் பதினொண்டில."

மூன்று முழச் சுவர்.
தொட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு
மா அரித்த கைபோல என் கையை ஆக்கிற்று.
சன்னல் இருந்த இடத்தில் சன்னலளவு காடு.
செபஸ்தியார் சுரூபத்தில்
அம்புகள் மூன்று, ஓட்டைகள் ஏழு.
மிச்சம் நான்கைப் பற்றி நான் கேட்கவில்லை.

மணியைப் பற்றி அவளாகச் சொன்னாள்.
ஊர் எழும்பிப் போனபோது
கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்களாம்.
திரும்பி வந்து தூக்கியபோது
நாக்கில் பாசி.
"இப்பவும் மழைக்கு முதல் நாள்
அதின்ர சத்தம் கொஞ்சம் ஈரமாக் கிடக்கும்."

பின்புறம் சேமக்காலை.
சேமம் என்ற சொல்லை
யார் கொண்டுவந்து இங்கே வைத்தார்களோ.
காரை முள்ளும் நாயுண்ணியும் விலக்கி விலக்கி
ஒவ்வொருவராய் வாசித்தேன்.
சந்தியோகு வஸ்தியாம்பிள்ளை, பாம்பு தீண்டி.
சூசைப்பிள்ளை பெண்சாதி எலிசபெத்து, காய்ச்சலில்.
ஒரே கிழமையில் போன மூன்று பிள்ளைகளுக்கு
ஒரே கல்.
தொழிற்பழக்கம், நாடாவை இழுத்துவிட்டேன்:
நாலடி.

சிலுவைகளின் நடுவே
மஞ்சள் தலையோடு ஒரு புதுக்கல்.
வனத்திணைக்களம் நட்டது.
அதற்கும் ஒரு இலக்கம், ஒரு ஆண்டு.
அதையும் யாரோ செத்த கல்லென்று எண்ணி
குனிந்து வாசித்தேன்.
அதற்கு அப்பால் படுத்திருப்பவர்கள்
இப்போது காட்டுக்குள் அத்துமீறிக் குடியிருக்கிறார்கள்.

ஒன்றரை மணித்தியாலம்.
மூலை கிடைக்கவில்லை.
நூறு வருடத்தில் ஒரு கல் எங்கே போகும்?
யானை முதுகு தேய்க்கும், பாலை வேர் புரட்டும்,
பங்கருக்கு மூடியாகும்.
மெற்றில்டாதான் ஒரு புற்றைக் காலால் காட்டினாள்:
"அது ஆற்றையோ தெரியாது."

புற்றில்லை.
மெழுகு.
வெள்ளை, நீலம், கறுத்த திரி,
அடுக்கடுக்காய் உருகி இறுகி
முழங்கால் உயரம்.
கார்த்திகை ரெண்டாம் திகதி
தங்கள் தங்கள் ஆட்களுக்குக் கொளுத்தியபின்
மிஞ்சிய திரிகளை எல்லாரும் இதிலேதான் நாட்டுவார்களாம்.
வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம்.
"அதால இவருக்குத்தான் எங்கட ஆக்களை விடக் கூட."

கத்தியால் ஓரத்தைச் சுரண்டினேன்.
அடியில் கல்.
கல்லில் அளவையாளன் வெட்டிய அம்புக்குறி,
வடக்கைக் காட்டிக்கொண்டு.

நான் சைவன்.
என்றாலும் சப்பாத்தைக் கழற்றினேன், முள் ஏறிற்று.
கோலை நிமிர்த்தி அவர் நெஞ்சின்மேல் வைத்து
குமிழி நடுவில் நிற்கும்வரை மூச்சை அடக்கினேன்.
மன்னிக்க வேணும் என்று
வாய்க்குள் சொன்னது அவருக்கா,
முதலில் வந்து அளந்தவனுக்கா?

மஞ்சள் கல்லுக்கும் இவருக்கும் இடையே
பதினான்கு மீற்றர் அறுபத்திரண்டு.
புத்தகத்தில் எழுதினேன்:
கல்லறை. பெயர் இல்லை. மெழுகு உண்டு.

எட்டிப் பார்த்த மெற்றில்டா கேட்டாள்,
"கோட்டில மெழுகு செல்லுமோ?"

அளவை மட்டும்தான் நான் எழுதலாம் என்றேன்.
அதற்குள்
எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளாடு
முக்காலியின் வாரைத் தின்னத் தொடங்கியிருந்தது.