அளவுக்கம்பி

ஏழு வருஷம் என்கிறது கையேடு.
இது ஒன்பதாவது.

மவுசாக்கலைத் தண்ணீரில் உப்பில்லை,
ரப்பர் தாங்கும் என்கிறார் முதலாளி, கொழும்பிலிருந்து.
பாய்ப்படகில் அவர் ஏறியது இரண்டு தரம்.

அடித்தட்டில் ஒரு ஓட்டை.
அதன் வழியே எஞ்சின் காலை நீட்டியிருக்கிறது.
படகு முங்காமலிருப்பது
அதைச் சுற்றிய பெரிய ரப்பரால்.
அது வாய் திறக்காது.
கீழே, சின்ன வளையத்தின் சேதி
எண்ணெயில் தெரியும்:
பாலூற்றிய தேத்தண்ணி நிறமென்றால்
தண்ணீர் உள்ளே.

காலையில் கம்பியை உருவிப் பார்த்தேன்.
பிளேன்டீயில் யாரோ
ஒரு சொட்டுப் பால் தவறவிட்டதுபோல.

ஃபெக்டரியில் இலை பதம் பார்க்கிற ஜெசிந்தா
ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தாள்.
"வெளிச்சம் அப்படி."
கொஞ்சம் கழித்து,
"துணிய மாத்தித் துடைச்சுப் பாரு."

மாற்றுவதென்றால் கரையேற்ற வேண்டும்.
ஏற்றும் சரிவு இப்போது பதினைந்தடி ஆழத்தில்.
பங்குனியில் தண்ணீர் வற்றி
மூழ்கிய கோயில் தலைகாட்டும்போதுதான்
அதுவும் வெளியே வரும்.
இது ஐப்பசி.

இரண்டுக்கும் சொல்லிவிட்டேன், என் சம்பளத்தில்.
முதலாளி கேட்டால், பெரியது வெடித்துவிட்டது என்பேன்.
அதற்குள் வெடித்தும் இருக்கலாம்.

ராத்திரி மழை பிடித்தது.
டோர்ச்சோடு இறங்கிப் போய்
அடித்தட்டில் உள்ளங்கையை வைத்தேன்.
ஈரம்.
என் கை
வரும்போதே நனைந்திருந்தது.