ஒன்பது பாகை

சீகூ குளக்கரையில் விடியும்போது
வெப்பமானி ஒன்பதில் நின்றது.
பால்கெண்டைகள் விலா சாய்ந்து கிடந்தன,
செவுள் மட்டும் எப்போதாவது திறந்தது.
லியாவ் சுன்ஹே வலையைத் தொடவில்லை.
ஒரு சிகரெட்டுக்கு நான்கு குச்சி செலவழித்தார்.

நான் செவுள் கிள்ளிக் குப்பிகளில் இட்டேன்:
சாய்ந்தவை இருபது,
நீந்துபவை இருபது.
சாய்ந்தவை மதியத்துக்குள் செத்தன.

முந்தைய இரவு அவர் வீட்டில்
பன்றி எலும்புச் சூப்பு
பேசி முடிப்பதற்குள் மேலே வெள்ளையாய் உறைந்தது.
மீனின் ஒவ்வொரு செல்லுக்கும் தோல் அதுதான்,
கொழுப்பு.
இறுகினால் உப்புக்குக் கதவில்லை.
அதற்கென்று ஒரு மரபணு இருக்கிறது.
விறைத்து நிற்கும் கொழுப்பை
இடுப்பில் ஒருமுறை வளைத்துவிடும்.
வளைந்தவை நெருக்கி அடுங்கா.
கொஞ்சம் இளகல் மிஞ்சும்.

மூன்று வாரம் கழித்து
தைனான் ஆய்வகத்தில் முடிவு வந்தது.
நீந்தியவற்றில் அந்த மரபணு விழித்திருந்தது.
சாய்ந்தவற்றிலும்.
இரண்டு மூன்றில் இன்னும் உரக்க.
ஓலை எழுதியாயிற்று,
படித்துச் செய்யத்தான்
அந்த இரவு பொழுது விடவில்லை.

அட்டவணையில் அவற்றுக்கு
'தாங்காதவை' என்று பெயர்.
அந்தக் கட்டத்தை நான் இன்னும் நிரப்பவில்லை.

தொலைபேசியில் சொன்னேன்.
"அப்போ எதுவும் சும்மா சாகலை," என்றார் லியாவ்.
பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
குளத்தை வற்றவிடுகிறாராம்.
வடக்கு மூலையை
இன்னும் இரண்டு முழம் வெட்ட வேண்டும்,
டிசம்பருக்குள்.