பாதி வேர்

சுக்கான் கீரைக்கு இது தாயாதி முறை.
வாயில் வைக்க விளங்காது.
பசுவும் முகர்ந்து பார்த்து ஒதுங்கிவிடும்.
எம்மன்தால் சரிவில் பிளாக்கே என்கிறார்கள்,
சொல்லும்போதே
காறித் துப்புகிற மாதிரி இருக்கும்.

நாளை நிலம் கைமாறுகிறது.
ரெகுலா இன்றைக்கும்
இரட்டைமுனைக் கடப்பாரையோடு வந்திருக்கிறாள்.
"கையெழுத்துப் போட்டாயிற்று,
இனி யாருக்காகத் தோண்டுகிறாய்?"
வேலியில் சாய்ந்து கேட்கிறான் பெயாட்,
சிகரெட்டைக் கையில் மறைத்தபடி,
அப்பா இன்னும் பார்ப்பதுபோல.

அவள் ஈரம் பார்த்து
மிதித்து, நெம்பி,
மெதுவாக, இன்னும் மெதுவாக,
பட்டென்று ஒடிகிறது.
கையில் ஒரு சாண்.
ஒடிந்த இடம் மஞ்சள்.
மீதி கீழேயே.

பதினேழு வயதில் இப்படி ஒடித்ததற்கு
ஒரு வாரம் அவளோடு பேச்சில்லை.

இப்போது குழியைக்
காலால் மூடுகிறாள்,
கடன்காரன் வருமுன்
சில்லறையை ஒளிப்பவள் போல.

பிறகு துருநிறக் கதிர் ஒன்றை உருவி
அண்ணன் சட்டைப்பையில் கொட்டுகிறாள்.
"உன் பங்கு.
ஐம்பது வருஷம் கெடாது."

அவன் துழாவி எடுப்பதற்குள்
கோயில் மணி ஐந்தடிக்கிறது.
இருவரும் தொழுவத்தைப் பார்த்து நடக்கிறார்கள்.

பாதி வழியில்தான் நினைவு வருகிறது,
கறக்க மாடில்லை.